நாயகனுக்குக் கூட்டாளி எதற்கு? பின்னால் ஓடிவரும் குட்டிகளைப் பற்றி

வாசகர் கேள்வி, ஏப்ரல் 8

1985இல் மாரியோ தனியாகத்தான் ஓடினான், குதித்தான், கோட்டையைப் பிடித்தான். பிறகு வந்த, இப்படி ஓடிக் குதித்து முன்னேறும் பிளாட்ஃபார்ம் வீடியோ விளையாட்டுகளில் நாயகன் ஒவ்வொருவனுக்கும் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டது. நரி, பறவை, குரங்கு, முகமூடி, ரோபோ. எல்லாம் பொம்மைக் கடைக்காகப் படைக்கப்பட்டவை என்பது என் கட்சி. வாயாடும், வழியை மறைக்கும், வேறொன்றும் செய்யாது. கூட்டாளியை எடுத்துவிட்டால் விளையாட்டே நின்றுபோகும் என்று சொல்லத்தக்க ஒன்றைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பதில், ஏப்ரல் 8, இரவு

பேஞ்ஜோ-கஸூயி. 1998, நின்டெண்டோ 64 விளையாட்டுப் பெட்டி, ரேர் நிறுவனத்தின் ஆக்கம். கரடியின் முதுகுப்பையில் உட்கார்ந்திருக்கும் சிவப்புப் பறவைதான் கஸூயி. பார்ப்பதற்குக் கரடி பறவையைச் சுமப்பதுபோல் இருக்கும். செங்குத்தான சரிவு ஒன்றில் ஏறிப் பாருங்கள். கரடி சறுக்கிக்கொண்டு கீழே வந்து சேரும். அந்த இடத்தில் பறவை பையிலிருந்து தன் நீண்ட கால்களைத் தரையில் ஊன்றும். கரடி மேலே கிடக்க, அவள் தடதடவென்று மேட்டில் ஏறிவிடுவாள். பறப்பது அவள், முட்டையை எறிந்து தாக்குவதும் அவள். அவளை எடுத்துவிட்டால் கரடி மேட்டடியிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 9, காலை

இதைவிடப் பழைய சான்று ஒன்று உண்டு. நேற்று தூக்கக் கலக்கத்தில் விட்டுப்போயிற்று.

ஏ பாய் அண்ட் ஹிஸ் பிளாப், 1989. டேவிட் கிரேன் உருவாக்கியது. ஒரு சிறுவன், கூடவே வெள்ளையாகக் கொழகொழவென்று ஒரு பிராணி. பிளாட்ஃபார்ம் விளையாட்டு என்றால் குதிப்பதுதானே உயிர்? இந்தப் பையனுக்குக் குதிக்கவே தெரியாது. பொத்தான் எதை அழுத்தினாலும் அவன் கால் தரையை விட்டு எழும்பாது. அவனிடம் இருப்பது ஜெல்லி மிட்டாய் மட்டும். ஒரு சுவையைத் தூக்கிப் போட்டால் பிராணி ஏணியாக நிற்கும், இன்னொன்றுக்குத் தரையில் துளையாகும், வேறொன்றுக்குக் குடையாக விரிந்து பையனை மெல்ல இறக்கும், மற்றொன்றுக்குத் துள்ளுபலகையாகும். நாயகனின் கால், கை எல்லாமே கூட்டாளிதான். கேள்வி கேட்ட நண்பர் விரும்பிய சான்று இதைவிடக் கச்சிதமாக அமையாது.

பொம்மை விற்பனையை நான் மறுக்கவில்லை. விற்றார்கள், நன்றாகவே விற்றார்கள். ஆனால் கடையில் விற்றது என்பதற்காக விளையாட்டுக்குள் அது செய்த வேலை இல்லாமல் போய்விடாது.

ஏப்ரல் 11

டாங்கி காங் கன்ட்ரி பற்றி ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். 1994, சூப்பர் நின்டெண்டோ. இதில் உயிர்ப்பட்டை என்று எதுவும் கிடையாது. பெரிய குரங்கு அடிபட்டால் அது விலகும், குட்டிக் குரங்கு டிட்டி முன்னுக்கு வரும். டிட்டியும் அடிபட்டால் ஒரு உயிர் போயிற்று. மற்ற விளையாட்டுகளில் திரை மூலையில் இதயமாகவோ கோடாகவோ வரைந்து வைத்ததை இங்கே ஒரு குட்டிக் குரங்காக்கிக் கூடவே ஓடவிட்டார்கள்.

இருவரும் ஒன்றல்ல என்பதுதான் அருமை. டிட்டி சுறுசுறுப்பு, ஆனால் கொழுத்த பகைவன் தலையில் குதித்தால் அவனுக்கு உறைக்காது, டிட்டிதான் எகிறிவிழுவான். அதே ஆளைப் பெரியவன் ஒரே மிதியில் சாய்ப்பான். பீப்பாயைப் பெரியவன் தலைக்கு மேலே தூக்குவான், டிட்டி நெஞ்சுக்கு முன்னால் பிடிப்பான். எதிரே வருபவன் மீது அந்தப் பீப்பாய் தானாகவே மோதும். இந்த வித்தியாசத்தைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். 1995இல் வந்த இரண்டாம் பாகத்தில் டிக்ஸி என்கிற பெண் குரங்கு தன் குடுமியைச் சுழற்றி மெதுவாக இறங்குவாள். அவள் இல்லாமல் அகலமான பள்ளத்தைத் தாண்டுகிறபோது ஒவ்வொரு முறையும் அவளை நினைத்துக்கொள்வேன்.

ஏப்ரல் 14

இன்று சித்திரை ஒன்று. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விஷுவும் இதையொட்டியே வரும் என்பதால் அண்ணன் குடும்பத்தோடு வந்திருக்கிறார். இந்த விவாதத்தைக் காட்டினேன். "டெயில்ஸைப் பற்றி நீ இன்னும் எழுதவில்லையா?" என்று கேட்டார். டெயில்ஸ் என்பது சோனிக் என்கிற நீல முள்ளெலியின் கூட்டாளி, இரண்டு வால் நரிக்குட்டி. வேண்டுமென்றேதான் தள்ளி வைத்திருந்தேன், அதை அவசரமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

தொண்ணூறுகளில் பெரியப்பா மகன் ஷார்ஜாவிலிருந்து செகா மெகா டிரைவ் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் அப்போது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு விளையாட்டுப் பெட்டியின் வயரைச் சொருகி, சேனல் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் புள்ளிமழைக்கு நடுவே சோனிக் வந்து நிற்பான். கேசட்டில் நீலமும் ஆரஞ்சுமாக அச்சிட்டிருந்த இருவரும் திரையில் கருஞ்சாம்பலும் வெளிர்சாம்பலும்தான். இருந்தாலும் யார் எவன் என்று ஒருநாளும் குழம்பியதில்லை. ஒருவனுக்கு முதுகில் முள், மற்றவனுக்கு இரண்டு வால். நிழலைப் பார்த்தே அடையாளம் தெரியும்படி வரைந்திருந்தார்கள். டெயில்ஸை வரைந்தவர் யாசுஷி யாமாகுச்சி.

அண்ணன் கையில் முதல் கன்ட்ரோலர், என் கையில் இரண்டாவது. கேள்வி கேட்ட நண்பர் 1985 மாரியோவைச் சொன்னாரே, அதில் இருவர் ஆடலாம் என்று இருக்கும். ஆனால் முதல் ஆள் செத்தால்தான் இரண்டாவது ஆளான லூயிஜிக்கு முறை. கெட்டிக்கார அண்ணன் இருக்கிற வீட்டில் அந்த முறை எப்போது வரும்? நான் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். 1992இல் வந்த சோனிக் 2 அந்தக் காத்திருப்பை ஒழித்தது. இரண்டாவது கன்ட்ரோலரை எப்போது தொட்டாலும் டெயில்ஸ் நம் கைக்கு வந்துவிடுவான். கையை எடுத்தால் பழையபடி தானே ஓடுவான். அனுமதி கேட்க வேண்டாம், ஆட்டத்தை நிறுத்தி மறுபடி தொடங்கவும் வேண்டாம்.

அவனுக்குச் சாவும் கிடையாது. பள்ளத்தில் விழுவான், முள்ளில் மாட்டுவான், திரைக்குப் பின்னால் விடுபட்டுப்போவான். சற்று நேரத்தில் இரண்டு வாலையும் விசிறிபோலச் சுழற்றிக்கொண்டு மேலிருந்து இறங்கி வருவான். சோனிக்கின் உயிர்க் கணக்கில் ஒன்றும் குறையாது. வழியில் அவன் பொறுக்கும் வளையம் சோனிக் கணக்கில் சேரும். நான் எப்படி ஆடினாலும் அண்ணனுக்கு நஷ்டம் இல்லை என்பதால் என்னைத் திட்ட அவருக்குக் காரணமே இருக்கவில்லை.

ஏப்ரல் 14, இரவு

அண்ணன் சொல்லிச் சேர்க்கச் சொன்னது: முதல் கட்டத்தின் முடிவில் வில்லன் ரோபாட்னிக் துரப்பணம் பூட்டிய வண்டியில் வருவான். எட்டு அடி கொடுக்க வேண்டும். அண்ணன் சோனிக்கை ஓர் ஓரத்தில் பத்திரமாக ஒதுக்கிவிட்டு, "நீ போ" என்பார். சாகாதவன் நான்தானே. வண்டி மேல் குதித்துக் குதித்து அடிப்பேன், தூக்கியெறியப்படுவேன், திரும்ப வருவேன். பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளைகளும் எங்கள் ஆட்களும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து இரண்டு மொழியிலும் கத்துவார்கள். நாயகன் ஓரமாக நிற்க, கூட்டாளி கையால் பெரிய வில்லன் தோற்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

சோனிக் 2இல் சேமிக்கும் வசதி கிடையாது. மின்சாரம் போனால் மறுபடி முதல் கட்டம், மறுபடி அந்தத் துரப்பண வண்டி. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

ஏப்ரல் 16

பொள்ளாச்சி நண்பர் ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார்: "டெயில்ஸால் நஷ்டமே இல்லையா? சிறப்புக் கட்டத்தை மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை. யாராவது கேட்பார்கள் என்று தெரியும். பாதியாக வெட்டிய குழாய்க்குள் ஓடுகிற கட்டம் அது. குறிப்பிட்ட அளவு வளையம் சேர்த்தால்தான் பரிசாக மரகதக் கல். நடுநடுவே குண்டுகள். சோனிக் தாண்டிவிடுவான், பின்னால் வரும் டெயில்ஸ் தாமதமாகக் குதித்துக் குண்டில் மோதி வளையங்களைக் கொட்டுவான். கொட்டியது மொத்தக் கணக்கில் குறையும்.

காரணம் எளிது. டெயில்ஸைக் கணினி ஓட்டும்போது அவன் பெரிதாக யோசிப்பதில்லை. சற்று முன்பு சோனிக் எங்கே இருந்தான், எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை இயந்திரம் குறித்து வைத்துக்கொள்கிறது. அதையே கொஞ்சம் தாமதமாக அவனுக்கு ஊட்டுகிறது. சமதரையில் அந்தத் தாமதம்தான் ஒரு குழந்தை பின்னாலேயே ஓடிவருகிற அழகைத் தருகிறது. குண்டு நிறைந்த குழாயில் அதே தாமதம் வினையாகிறது. ஒரே விதி, இரண்டு இடத்தில் இரண்டு முகம். பிடிக்காதவர்கள் அமைப்புப் பக்கத்தில் சோனிக் மட்டும் என்று தேர்ந்துகொள்ளலாம், அந்த வழியையும் செகா வைத்திருந்தது. எங்கள் வீட்டில் அண்ணன் அதை ஒருநாளும் தொட்டதில்லை. குழாய்க் கட்டத்தில் "இப்போது குதி" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே ஓடுவார்.

ஏப்ரல் 16, பிற்பகல்

இன்னொருவர், சோனிக் 2இலேயே டெயில்ஸ் சோனிக்கைத் தூக்கிக்கொண்டு பறப்பான் என்கிறார். இல்லை. இரண்டாம் பாகத்தில் கணினி அவனைத் திரும்பக் கொண்டுவரும்போதுதான் பறப்பான், நம் கையில் இருக்கும்போது பறக்க மாட்டான். 1994இல் வந்த சோனிக் 3இல்தான் அது நம் கைக்கு வந்தது. அதில் இரண்டாவது ஆள் சோனிக்கை அந்தரத்தில் தூக்கிப்போகலாம், டெயில்ஸுக்குச் சீக்கிரம் களைத்துப்போகும் என்பதால் அதற்குள் இறக்க இடம் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 23

யோஷி பற்றிப் பேச்சு சூடாகிவிட்டது. இதில் ஒதுங்கியிருக்க என்னால் முடியாது.

சூப்பர் மாரியோ வேர்ல்ட், 1990. மாரியோவை ஒரு டைனோசர் மேல் ஏற்ற வேண்டும் என்று, மாரியோவைப் படைத்த மியாமோட்டோ அதற்கு முன்பே ஆசைப்பட்டிருந்தார். பழைய இயந்திரத்தில் அதற்குத் தெம்பு இருக்கவில்லை, புதிய இயந்திரம் வந்ததும் செய்தார்கள். யோஷி மேல் ஏறியிருக்கும்போது மாரியோவுக்கு அடி விழுந்தால் உயிர் போகாது. யோஷி மிரண்டு ஓடும், துரத்திப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். கோட்டைக்குள்ளும் பேய் வீட்டுக்குள்ளும் வராது, வாசலிலேயே நின்றுவிடும்.

இசையைக் கவனித்திருக்கிறீர்களா? யோஷி மேல் ஏறிய கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு ஒரு கொட்டு சேர்ந்துகொள்ளும். இறங்கினால் கொட்டு நிற்கும், பாட்டு மட்டும் தொடரும். யோஷியைப் பறிகொடுத்தவுடன் கண் தேடுவதற்கு முன்பே காது அந்த வெறுமையைச் சொல்லிவிடும். ஒரு வரி வசனம் இல்லாமல், அழுகைக் காட்சி இல்லாமல், தாளத்தை நிறுத்தியே பிரிவை உணர்த்தியிருக்கிறார்கள். இந்த மொத்த விவாதத்திலும் நான் மிகவும் மதிக்கிற கைவேலை இதுதான்.

சண்டை எதைப் பற்றி என்றால், பள்ளத்துக்கு நடுவில் யோஷியை உதறிவிட்டு அதன் முதுகிலிருந்து எம்பிக் குதிக்கிற தந்திரம். மாரியோ அக்கரை சேர்வான், யோஷி பாதாளத்தில் விழும். "விளையாட்டுதானே" என்கிறார்கள். முந்தாநாள் அண்ணன் மகனுக்கு இதைச் செய்து காட்டினேன். கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அவனைத் தள்ளாதீர்கள்" என்றான். அடுத்த முட்டையிலிருந்து இன்னொன்று வரும் என்று சொன்னேன். "அது இவன் இல்லையே" என்றான். பிறகு அவனே சுற்றுவழியில், யோஷியோடு போய்ச் சேர்ந்தான், நேரம் மட்டும் அதிகமாயிற்று. தந்திரத்தை விளையாட்டே அனுமதிக்கிறது, தடுக்கவில்லை. செய்வதா வேண்டாமா என்பதை ஆடுபவரிடம் விட்டிருப்பது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவன் கேட்டதற்குப் பிறகு எனக்குக் கை வரவில்லை.

ஏப்ரல் 24

1995இல் யோஷிஸ் ஐலண்டில் தலைகீழாக்கினார்கள். யோஷி நாயகன், முதுகில் குழந்தை மாரியோ. யோஷிக்கு அடி விழுந்தால் குழந்தை குமிழுக்குள் மிதந்துகொண்டு வீறிட்டு அழும், எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும், பூஜ்யத்துக்குள் பிடித்தாக வேண்டும். அந்த அழுகைச் சத்தத்தை உலகமே வெறுக்கிறது. நான் அதன் பக்கம். காதில் இனிமையாக விழுகிற அழுகையைக் கேட்டு யார் ஓடுவார்கள்?

ஏப்ரல் 29

கிராஷ் பேண்டிகூட்டில் வரும் அக்கு அக்கு என்கிற முகமூடி கூட்டாளியே அல்ல, வெறும் கவசம் என்று ஒருவர். 1996 விளையாட்டு. ஒரு முகமூடி இருந்தால் ஒரு அடி தாங்கும், இரண்டாவது கிடைத்தால் பொன்னிறமாகும், மூன்றாவது கிடைத்தால் கொஞ்ச நேரத்துக்கு யாரும் தொட முடியாது. கவசம் என்பது சரிதான். ஆனால் அது உடம்பில் ஒட்டாமல் தோளருகே மிதந்துகொண்டு கூடவே வருகிறது. அடிபட்டு அது மறைந்ததும் கிராஷின் பக்கம் காலியாகத் தெரிகிறதே, அது கவசம் கழன்ற உணர்வு அல்ல.

மெகா மேன் 3இன் நாய் ரஷ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1990. அழைத்தால் வரும், முதுகிலிருந்து சுருள்வில் எழும்பும், அதன்மேல் ஏறி உயரக் குதிக்கலாம். பிறகு போய்விடும். நல்ல நாய், கூடவே ஓடிவருவதில்லை என்பதுதான் குறை.

மே 6

வாயாடிகளைப் பற்றி. கேள்வி கேட்ட நண்பரின் குறையில் இந்தப் பகுதி நியாயமானது. கையால் உதவாமல் வாயால் மட்டும் கூட வருபவர்களைச் சகிப்பது கடினம்.

ஆனால் ஜாக் அண்ட் டாக்ஸ்டர் என்னை மேலும் யோசிக்க வைத்தது. 2001, பிளேஸ்டேஷன் 2. நாயகன் ஜாக்கின் தோளில் உட்கார்ந்திருக்கும் டாக்ஸ்டர் சண்டையிலும் தாவலிலும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. இருந்தும் முதல் பாகத்தில் அவன் சுமையாகத் தெரியவில்லை. காரணம், ஜாக் அதில் வாயே திறப்பதில்லை. நாயகன் பயப்பட வேண்டியதையும் கோபப்பட வேண்டியதையும் பெருமையடிக்க வேண்டியதையும் டாக்ஸ்டர் சொல்லிவிடுகிறான். 2003இல் இரண்டாம் பாகத்தில் ஜாக் பேச ஆரம்பித்தான், டாக்ஸ்டரின் பாதி வேலை அன்றே போயிற்று. எனவே என் அளவுகோலைச் சற்று விரிக்கிறேன்: நாயகனிடம் இல்லாத ஒன்று கூட்டாளியிடம் இருக்க வேண்டும். அது காலாக இருக்கலாம், சிறகாக இருக்கலாம், குரலாகவும் இருக்கலாம்.

மே 7

2015இன் ஓரி அண்ட் தி பிளைண்ட் ஃபாரஸ்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரி ஓடும், தாவும், ஏறும். பகைவரைச் சுடுவது பக்கத்தில் மினுங்கிக்கொண்டு வரும் செய்ன் என்கிற சின்ன ஒளி. வழியைச் சொல்வதும் அதுதான்.

மே 18

கேள்வி கேட்ட நண்பர் நேற்று மீண்டும் எழுதியிருக்கிறார். ஜெல்லி மிட்டாய் விளையாட்டை ஒப்புக்கொள்கிறாராம், கஸூயியையும் ஒப்புக்கொள்கிறாராம். டெயில்ஸை மட்டும் ஒப்ப மாட்டாராம். டெயில்ஸை எடுத்துவிட்டாலும் சோனிக் கடைசிவரை போவான், ஆகவே அவன் அலங்காரம்தான் என்பது அவர் வாதம்.

சோனிக் போவான். மறுக்கவில்லை. முதல் கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்கு ஆட்டம் எங்கும் நிற்காது. இரண்டாவது கன்ட்ரோலர் வைத்திருந்தவருக்கு ஆட்டமே இல்லாமல் போகும். எடுத்துவிட்டால் என்ன நிற்கும் என்று கேட்டீர்கள், நின்றுபோவது நான். நீங்கள் வீட்டில் மூத்தவரா, ஒற்றைப் பிள்ளையா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

டெயில்ஸில் இருந்த அந்த எண்ணத்தை 2017இன் சூப்பர் மாரியோ ஒடிசியில் முழுதாகக் காண்கிறேன். மாரியோவின் தொப்பிதான் கேப்பி. ஒருவர் மாரியோவை ஓட்டலாம், மற்றவர் கேப்பியை ஓட்டலாம். கேப்பிக்கும் சாவு இல்லை. தலையைவிட்டுப் பறந்துபோய் நாணயம் பொறுக்கலாம், பகைவனை அடிக்கலாம். அந்தரத்தில் தொப்பி நின்றால் மாரியோ அதன்மேல் கால் வைத்து இன்னொரு தாவல் எடுக்கலாம். கேப்பியை ஓட்டுபவர் சரியான இடத்தில் நிறுத்தாவிட்டால் மாரியோவுக்கு அந்தத் தாவல் கிடையாது. டெயில்ஸ் காலத்தில் நான் அண்ணனுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருந்தேன். கேப்பி காலத்தில் மாரியோ கையில் இருப்பவர் நம்மிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

மே 26

வேலந்தாவளத்திலிருந்து ஒரு அப்பா தனியாகக் கேட்டிருந்தார், எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே பதில். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஐந்து. பள்ளி திறப்பதற்குள் இருவரும் சண்டையில்லாமல் ஆட ஒன்று வேண்டுமாம்.

ஒடிசி வாங்குங்கள். அதில் உதவி நிலை என்று ஒன்று உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். போக வேண்டிய திசையை அம்புக்குறி காட்டும், பள்ளத்தில் விழுந்தாலும் குமிழுக்குள் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து விடும். சின்னவள் கையில் கேப்பியைக் கொடுங்கள். முதல் நாள் அவள் அண்ணனைக் கவனிக்கவே மாட்டாள், தொப்பியை எங்காவது பறக்கவிட்டுக்கொண்டு நாணயம் பொறுக்குவாள். பெரியவன் கோபப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவள் கைக்குப் பழகும்வரை அப்படித்தான் இருக்கும். அகலமான பள்ளம் வரும்போது அவனே தங்கையைக் கூப்பிடுவான். இடையில் கன்ட்ரோலரை மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டாம், அவளாகக் கேட்டால் மட்டும் மாற்றுங்கள். பழைய மெகா டிரைவ் யாரிடமாவது கிடைத்தால் சோனிக் 2 இன்றைக்கும் நன்றாக ஓடும். கேசட்டின் முனையை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சொருகுங்கள்.